எண்ணெயின் கனம்



அன்றாடம் ஓட்டும் காரையே கால் மைல் நேர்ப் பந்தயத்திற்கும் கொண்டு செல்லும் மகனுக்கு எந்த எண்ணெய் உகந்தது என்று ஒரு தந்தை வினவியுள்ளார்.

பெருமானார் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியுள்ளார்கள். பக்குவப்படுத்தப்பட்ட குதிரைகளுக்கு நெடுந்தூரமும் மற்றவற்றுக்குக் குறுந்தூரமும் வகுத்தார்கள். ஆதலால் பந்தயத்தையே நான் பழிக்கவில்லை. பணயம் கட்டுவதும், பொதுச்சாலையில் பிறர் உயிரோடு விளையாடுவதும் வேறு. அவற்றுக்கு எந்த எண்ணெயும் உதவாது.

டப்பாவில் 10டபிள்யூ-40 என்றிருந்தால், முன்னெண் குளிர்ந்த எஞ்சினில் எண்ணெய் ஓடும் எளிமையையும், பின்னெண் 100 டிகிரி செல்சியஸில் அதன் கனத்தையும் குறிக்கும். கனம் என்பது தரமன்று. மெல்லிய எண்ணெய் உராய்வைக் குறைத்துச் சிறிது வேகம் தரும். 402 மீட்டர் ஓட்டமோ சில நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் அதே கார் சித்திரை வெயிலில் நெரிசலில் ஊர்கையில் எண்ணெய் மேலும் இளகும். கிராங்க் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையிலுள்ள படலம் அறுந்தால் எஞ்சினே பாழ். இடைவெளி நெருக்கமான எஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றுவதும் தவறே. காலையில் இயக்கியதும் அது மேலேறத் தாமதிக்கும்.

எனவே கையேடு அனுமதிக்கும் எண்களுள் சற்றுக் கனமானதைத் தேர்ந்தெடுக்கட்டும். எஞ்சினைப் பிரித்துக் கட்டியிருந்தால், இடைவெளியை அளந்த மெக்கானிக்கின் சொல்லே முந்தியது. பந்தயத்திற்குப் பின் அளவுக்கோலை முகர்ந்து பார்க்கட்டும். பெட்ரோல் வாடை வீசினால், தவணைக்குக் காத்திராமல் எண்ணெயை மாற்றிவிட வேண்டும்.