சபாநாயகரின் ஓட்டு

திருவனந்தபுரம் ஆரியசாலையில் தமிழ் வியாபாரிகள் நேற்று வந்தவர்கள் அல்ல. திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டில் சாலைக் கடைத்தெருவை அமைத்த பிறகு, தலைமுறை தலைமுறையாகத் தராசு பிடித்தவர்கள் உண்டு. அங்கிருந்து தலைமைச் செயலகம் கொஞ்ச தூரம்தான். 1998இல் பாளையத்தில் புதிய கட்டடம் வரும்வரை, செயலக வளாகத்தின் பழைய சட்டசபை மண்டபத்தில்தான் மந்திரிசபைகள் நிறுக்கப்பட்டன.

சில நிறுவைகளில் சந்தேகத்துக்கே இடமில்லை. 1955 பிப்ரவரியில் பட்டம் தாணு பிள்ளை மந்திரிசபை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் கவிழ்ந்தது. முந்தைய ஆகஸ்டில் தென் திருவிதாங்கூரில் தமிழர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டின் கோபம் அதன் பின்னணி. 1964 செப்டம்பரில் ஆர். சங்கர் மந்திரிசபை 73க்கு 50 என்ற கணக்கில் தோற்றது. ஆளுங்கட்சியிலேயே 15 பேர் எதிர்த்து ஓட்டளித்திருந்தார்கள்.

தட்டுகள் இரண்டும் சமமாக நின்றால் என்ன செய்வது? அந்தச் சிக்கல் 1982இல் வந்தது. 1981 டிசம்பர் கடைசியில் முதல்வரான கருணாகரனுக்கு, சபாநாயகரை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் எதிரணிக்குச் சமமான பலம்தான் இருந்தது. பிப்ரவரியில் ஏ.சி. ஜோஸ் சபாநாயகரானார். ஒன்றிரண்டல்ல, எட்டு முறை அவருடைய ஓட்டுதான் அரசைக் காப்பாற்றியது. மார்ச் 17ஆம் தேதி, லோனப்பன் நம்பாடன் என்ற ஒரே ஒரு உறுப்பினர் ஆதரவை விலக்கிக்கொண்டதும் எல்லாம் முடிந்தது.

சட்டப்படி ஜோஸ் செய்ததில் தவறில்லை. அரசியல் சட்டத்தின் 189ஆவது பிரிவு, சபாநாயகர் முதலில் ஓட்டுப் போடக்கூடாது, சமநிலை வந்தால் போட வேண்டும் என்கிறது. யாருக்குப் போட வேண்டும் என்று சொல்லவில்லை. கம்பெனிச் சட்டத்தின் மாதிரி விதிகளோ, இயக்குநர் குழுத் தலைவருக்கு இரண்டாவது ஓட்டே தருகின்றன. அங்கே தலைவர் நடுநிலையாளர் என்ற பாவனையே கிடையாது. சபையில் அது உண்டு. கேள்வியும் அதனால்தான் எழுகிறது.

பிரிட்டனில் இதற்கு ஒரு மரபு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு சபாநாயகர் டெனிசன் பெயரால் வழங்குவது அது. இல்லாத பெரும்பான்மையைச் சபாநாயகர் உண்டாக்கக்கூடாது. விவாதம் தொடர வழி விட வேண்டும், இல்லையேல் இருப்பதை இருக்கவிட வேண்டும். 1993 ஜூலையில் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்த ஓட்டெடுப்பு 317க்கு 317 என்று அறிவிக்கப்பட்டபோது, லேபர் கட்சியிலிருந்து வந்த பெட்டி பூத்ராய்ட், லேபர் கொண்டுவந்த திருத்தத்துக்கு எதிராகவே ஓட்டளித்தார். எண்ணிக்கையில் பிழை என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அவர் மீது யாரும் பாரபட்சப் பழி போட முடியவில்லை.

இந்த அளவுகோலில், நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை சபாநாயகர் ஓட்டால் தோற்கடிப்பது சரி. இருந்த நிலை தொடர்கிறது. ஆனால் அதே ஓட்டால் ஒரு மசோதாவை நிறைவேற்றிச் சட்டமாக்குவது வேறு விஷயம். சபை தராத பெரும்பான்மையை நாற்காலி தருகிறது.

இன்று அத்தகைய சமநிலை அபூர்வம். சபாநாயகரின் கை வேறு இடத்தில் நீள்கிறது. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம், யார் உறுப்பினராக நீடிக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை அவரிடம் கொடுத்தது. அதாவது ஓட்டெடுப்புக்கு முன்பே தட்டிலிருந்து எடைக்கல்லை எடுக்கலாம். 2017 செப்டம்பரில் தமிழக சபாநாயகர் தனபால் 18 எம்.எல்.ஏ.க்களைத் தகுதிநீக்கம் செய்தார். வழக்கில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் 2018 ஜூனில் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். அங்கே மூத்தவருக்கு இரண்டாவது ஓட்டு கிடையாது. மூன்றாவது நீதிபதியிடம் போய், அக்டோபரில்தான் தகுதிநீக்கம் உறுதியானது.

நீதிமன்றம் வெளியிலிருந்து ஒருவரை அழைக்கிறது. சட்டசபையோ, ஒரு கட்சியின் டிக்கெட்டில் ஜெயித்து, அடுத்த தேர்தலிலும் அதே டிக்கெட்டை எதிர்பார்ப்பவரிடம் நடுநிலையை எதிர்பார்க்கிறது. பிரிட்டனில் சபாநாயகர் ஆனவர் கட்சியை விட்டு விலகுகிறார். பெரிய கட்சிகள் அவரை எதிர்த்துப் போட்டியிடுவதில்லை. அந்தப் பாதுகாப்பைத் தராமல் அந்த நடுநிலையை மட்டும் கேட்பது நியாயமில்லை. தராசு கோணினால் ஆரியசாலைக் கடைக்காரரை முத்திரை போடும் அதிகாரி பிடித்துவிடுவார். சபாநாயகர் கோணினால் பிடிக்க, வருஷக்கணக்கில் இழுக்கும் வழக்கைத் தவிர வேறென்ன இருக்கிறது?