உறையில் சந்தனம், நுரையில் என்ன?



விடுதிகளில் காலைப் பொழுது சவரச் சோப்பின் மணத்தோடுதான் விடிகிறது. சோப்பின் உறையைப் பாருங்கள். மஞ்சளும் பழுப்பும் கலந்த வண்ணம்; ஒரு மரத்துண்டின் படம்; அதன் கீழே 'சந்தனம்' என்னும் பெயர். அந்தப் பெயருக்குரிய பொருள் உள்ளே இருக்கிறதா? இதுவே என் கேள்வி. "முகத்தில் இரண்டு நிமிடம் நின்று கழுவப்படும் நுரைக்கு இத்தனை ஆராய்ச்சியா?" என்று சிலர் நகைப்பர். நகைக்கட்டும். பொருள் சிறியது, அதன் பின்னே நிற்கும் நேர்மை சிறியதன்று.

இதைக் கேட்கும் உரிமை எனக்குச் சற்றுக் கூடுதலாகவே உண்டு. நான் அஞ்சுநாட்டைச் சேர்ந்தவன். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்னும் ஐந்து ஊர்களே அஞ்சுநாடு. நிலம் இடுக்கி மாவட்டத்தில், பேச்சு தமிழில். மூணாற்றில் கொட்டும் மழை எங்களை வந்து எட்டுவதில்லை. அந்த மழை மறைவில்தான் சந்தனம் தானே முளைத்துக் காடாக நிற்கிறது. அந்தக் காட்டைச் சுற்றி வேலி. இரவும் பகலும் காவல். காய்ந்த மரங்களையும் காற்றில் சாய்ந்த மரங்களையும் வனத்துறை எடுத்து, கிடங்கில் தரம் பிரித்து ஏலம் விடுகிறது. வீட்டுத் தோட்டத்தில் தானே முளைத்த மரமானாலும் அனுமதியின்றிக் கோடரி வைக்க முடியாது. சந்தனத்தின் அருகிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதில் ஒரு சிராய்கூடச் சொந்தமில்லை. ஆனால் அதன் பெயரோ ஊரெங்கும் கேட்பாரற்றுக் கிடக்கிறது!

சவரக் கத்திக்கும் சந்தனத்துக்கும் உறவு புதியதன்று. எங்கள் மலையிலிருந்து சின்னாறு வழியே இறங்கினால் உடுமலை. அங்கிருந்து கிழக்கே பழனி. அங்கே முடி இறக்கிய தலையில் குளிரக் குளிரச் சந்தனம் பூசுவதை யார்தான் அறியார்? கத்தி பட்ட தோலின் எரிச்சலுக்குச் சந்தனக் குழம்பு நம்மவர் கண்ட மருந்து. லண்டன் நகரத்துப் பழைய சவரக் கடைகளும் சந்தனத்தின் பெயரால் கிரீம் விற்கின்றன. பெயர் அங்கும் பரவியிருக்கிறது. பொருள் பரவியிருக்கிறதா?

உண்மைச் சந்தனத்தின் மணம் எப்படிப்பட்டது? கல்லில் நீர் விட்டு அரைத்துப் புறங்கையில் தடவிப் பாருங்கள். அது முதலில் கூவி அழைக்காது. பால் காய்வது போன்ற மென்மை. அதன் கீழே மரத்தின் வறட்சி. சிறிது நேரம் சென்ற பிறகே மணம் முழுமையாக விரியும். விரிந்தபின் எளிதில் போகாது. மரத்தின் வெளிறுக்கு இந்த மணம் இல்லை. வைரத்துக்கும் வேருக்குமே உண்டு. வைரம் நன்கு முற்றப் பல பத்தாண்டுகள் வேண்டும்.

இந்த மணத்துக்குக் காரணம் சாண்டலால் என்னும் பொருள். அதில் ஆல்ஃபா, பீட்டா என இரு முக்கிய வகைகள் உண்டு. நல்ல சந்தன எண்ணெயில் ஆல்ஃபா 41 முதல் 55 விழுக்காடும், பீட்டா 16 முதல் 24 விழுக்காடும் இருக்க வேண்டும் என்று அனைத்துலகத் தர அமைப்பு 2002 ஆம் ஆண்டில் அளவு வகுத்தது. சாண்டலால் கனமான பொருள். அதன் கொதிநிலை ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ். ஆகவே அது விரைந்து ஆவியாவதில்லை.

இப்போது சவரச் சோப்புக்கு வருவோம். வெந்நீரில் பிரஷை நனைத்து, நுரை எழுப்பி, பூசி, மழித்து, கழுவிவிடுகிறோம். மெல்ல எழும் உண்மைச் சந்தனத்துக்கு அங்கே நேரம் ஏது? விலை மிகுந்த அந்த எண்ணெயில் பெரும்பகுதி சாக்கடைக்கே போகும். டப்பாவைத் திறந்தவுடன் மூக்கைத் தாக்கும் 'சந்தனம்' பெரும்பாலும் வேறு சரக்கு. சாண்டலோர், ஜவனோல் முதலிய செயற்கை மணப்பொருள்கள் பல உள்ளன. இவற்றின் பிறப்பிடம் எது தெரியுமா? பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து கிடைக்கும் ஆல்ஃபா பைனீன்! பைன் மரத்தின் பிள்ளை சந்தனத்தின் பெயரைச் சூடிக்கொண்டு வருகிறது.

பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறை சலூன் ஒன்றில் நான் கேட்டேன்: "அண்ணா, இதில் சந்தனம் இருக்கிறதா?" அவர் பிரஷைச் சுழற்றியபடியே, "உறையில் இருக்கிறது, தம்பி" என்றார். இதைவிடச் சுருக்கமாக எந்தப் பேராசிரியரால் விளக்க முடியும்?

"மணம் நன்றாக இருக்கிறது, முகமும் எரியவில்லை, பிறகென்ன?" என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்கு என் விடை இது. செயற்கை மணத்தை நான் பழிக்கவில்லை, வரவேற்கிறேன். நாட்டிலுள்ள ஒவ்வொரு முகத்துக்கும் உண்மைச் சந்தன நுரை வேண்டுமென்றால் மறையூரில் ஒரு மரமும் மிஞ்சாது. மரத்தைக் காக்கும் வேதியியல் நமக்கு நண்பன். ஆனால் நண்பன் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வரவேண்டும், மாறுவேடத்தில் வரலாகாது. 'பர்ஃப்யூம்' என்னும் ஒரு சொல்லைச் சிறு எழுத்தில் பின்புறம் அச்சிட்டு, 'சந்தனம்' என்று பெரிய எழுத்தில் முன்புறம் அச்சிடுவது வாணிகமாகலாம், வாய்மையாகாது.

உண்மையோடு தொழில் நடத்த முடியாதா? முடியும். முதல் உலகப் போரில் ஐரோப்பாவுக்குக் கட்டைகள் கப்பலேறும் வழி அடைபட்டது. மைசூர் அரசு சோர்ந்து போகவில்லை; 1916 இல் சந்தன எண்ணெய்ச் சாலையைத் தொடங்கியது. 1918 இல் பெங்களூரில் சோப்பு வந்தது. அது குளியல் சோப்பு. தூய சந்தன எண்ணெய் சேர்ப்பதாக இன்றும் வெளிப்படையாக அறிவித்தே விற்கிறது. சவரச் சோப்புக்காரர்களும் அப்படி அறிவிக்கட்டும். அல்லது 'செயற்கைச் சந்தன மணம்' என்று எழுதட்டும். இரண்டுமே நேர்மைதான்.

என் அச்சம் வேறொன்று. போலியை மட்டுமே முகர்ந்து வளரும் தலைமுறைக்கு மெய் கைக்கு வரும்போது அது மங்கலாகத் தோன்றும். "இது சந்தனமே இல்லை" என்று தள்ளிவிடும். மரம் அழிந்தால் மீண்டும் நடலாம். மணத்தை அறியும் மூக்கு அழிந்தால் எதை நடுவது? உண்மை மணத்தை அறியாதவன் அந்தக் காட்டுக்கு வேலி எதற்கு என்றும் கேட்பான்.

ஆகவே தோழர்களே, வீட்டில் பழைய சந்தனக்கட்டை இருந்தால் ஒருமுறை அரைத்து முகர்ந்து பாருங்கள். அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். உங்களுக்குப் பிடித்த சோப்பையே வாங்குங்கள், தடையில்லை. ஆனால் செய்பவருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதிக் கேளுங்கள்: "ஐயா, உறையில் உள்ளது நுரையில் உண்டா?" நூறு அட்டைகள் போனால் ஓர் உறையாவது மாறும்.