தூண்டிலுக்குச் சீட்டு எங்கே கொடுக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் மொரப்பூரில் குடியிருப்பவன். அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். சின்ன வயதிலிருந்து தூண்டில் போடும் பழக்கம் உண்டு. விற்பதற்காக ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பொழுது போவதற்கும், கிடைத்தால் வீட்டில் ஒரு குழம்பு வைப்பதற்கும்தான். கடந்த அரையாண்டு விடுமுறையில் நடந்ததைச் சொன்னால்தான் என் வருத்தம் புரியும்.

திருப்பூரில் ஆறாம் வகுப்பு படிக்கும் என் பேரன் லீவுக்கு வந்திருந்தான். கம்பைநல்லூரைத் தாண்டி இருமத்தூருக்குக் கூட்டிப் போய்த் தென்பெண்ணையில் தூண்டில் போடக் கற்றுக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். முதல் நாள் மாலை வாசலில் உட்கார்ந்து இரண்டு மூங்கில் கழி சீவினோம். தங்கூசி நரம்பு கட்டினோம். கடையில் விற்கும் பிளாஸ்டிக் தக்கை வேண்டாம் என்று காய்ந்த சோளத்தட்டையை உரித்து, உள்ளே இருக்கும் நெட்டியை விரல் நீளத்துக்கு நறுக்கித் தக்கை செய்யச் சொல்லிக் கொடுத்தேன். மீன் இரையைத் தொட்டால் அந்த நெட்டி எப்படி ஒரு துடி துடிக்கும் என்பதைத் தூண்டில் போட்டவர்கள் அறிவார்கள்.

அதற்கு முன்பே, முறைப்படி போகலாம் என்று அனுமதி கேட்கக் கிளம்பினேன். ஓர் அலுவலகத்தில் "இது எங்க வேலை இல்லைங்க" என்று இன்னொரு அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஒரு படிவத்தையும் எடுத்துக் கொடுத்தார். அதில் மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் எண் கேட்டிருந்தது. வலை எத்தனை, பரிசல் எத்தனை என்று கேட்டிருந்தது. "எனக்கு ஒரே ஒரு தூண்டில்தாங்க, ஒரு நாளைக்குத்தான்" என்றேன். "அதுக்கெல்லாம் சீட்டு கிடையாது பெரியவரே, போய்ப் பிடிங்க, யாரு கேக்கப்போறா?" என்றார்.

கேட்க ஆள் வந்தது. மறுநாள் காலை ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பைக்கில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். "யாரைக் கேட்டு மீன் புடிக்கிறீங்க? இது எங்க குத்தகை" என்றார்கள். குத்தகைச் சீட்டைக் காட்டுங்கள் என்று கேட்டேன். காட்டவில்லை. இரண்டு கழிகளையும் பிடுங்கி, முழங்காலில் வைத்து ஒடித்து ஆற்றில் போட்டார்கள். பேரன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் போன பிறகு தண்ணீரில் இறங்கி, நரம்பில் சிக்கியிருந்த தக்கையை மட்டும் அறுத்தெடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வீடு வந்த பிறகுதான் கேட்டான், "தாத்தா, நாம திருடப் போனமா?"

குத்தகைதாரர்கள் மீது எனக்குப் பகை கிடையாது. ஏரியில் மீன்பாசி ஏலம் எடுப்பவர் பணம் கட்டுகிறார், கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விடுகிறார், இராக்காவல் இருக்கிறார். அவர் ஏரியில் அவரைக் கேட்காமல் தூண்டில் போடுவது தப்புதான், நானே போட மாட்டேன். ஆனால் எந்த ஏரி ஏலம் போயிருக்கிறது, எதுவரை, யாருக்கு என்பது பொதுமக்களுக்கு எப்படித் தெரியும்? கரையில் ஒரு பலகை உண்டா? ஆற்றில் எந்த இடம் யாருக்குச் சொந்தம்? 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மாதிரி வெள்ளத்தில் ஏரி கோடி போகும்போது மீன் எல்லாம் ஓடை வழியாக ஆற்றுக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அது யாருடைய மீன்? இதற்கெல்லாம் எழுத்தில் ஒரு பதில் கரையில் இல்லாததால்தான் குரல் பெரிதாக உள்ளவர் குத்தகைதாரர் ஆகிவிடுகிறார்.

ஆற்றைக் கெடுக்கிறவர்களிடம் யாரும் சீட்டுக் கேட்பதில்லை என்பதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. அதே வாரத்தில் ஒரு நாள் பொழுது சாயும் நேரம் ஆற்றுப் பக்கமிருந்து அடுத்தடுத்து இரண்டு வெடிச் சத்தம் கேட்டது. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். பெரிய மீனை எல்லாம் வாரிக்கொண்டு போயிருந்தார்கள். கரை ஓரம் நாணல் தட்டையில் விரல் நீளக் குஞ்சுகள் வயிறு வெளுத்து ஒதுங்கிக் கிடந்தன. கெண்டைக் குஞ்சு, கெளுத்திக் குஞ்சு, நடுவே ஒரு சின்ன ஆரால். கைக்குட்டையில் அள்ளினால் இருநூறு முந்நூறு இருக்கும். ஒரு தூண்டில்காரன் ஆயுசு முழுக்க உட்கார்ந்தாலும் இந்த நாசத்தைச் செய்ய முடியாது.

வெடி வைத்தோ விஷம் கலந்தோ மீன் பிடிக்கக் கூடாது என்று 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே சொல்கிறது. அன்றைக்கு அதற்கு வைத்த தண்டனை அதிகபட்சம் இரண்டு மாதச் சிறை அல்லது 200 ரூபாய் அபராதம். அந்தக் காலத்தில் 200 ரூபாய் என்றால் ஒரு குடும்பம் வருடம் முழுக்கச் சாப்பிடும். வெள்ளைக்காரன் அவ்வளவு கடுமையாக நினைத்த குற்றம் இன்று நம் கண் முன்னால் நடக்கிறது.

நம் ஊரில் உரிமம் கொடுக்கும் பழக்கமே இல்லையா என்றால், இருக்கிறது. மேட்டூர் அணையில் வலை போட்டுப் பிழைப்பவர்களுக்கு மீன்வளத்துறை உரிமம் கொடுக்கிறது. நீலகிரியில் வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்து விட்ட டிரௌட் மீனைத் தூண்டிலில் பிடிப்பதற்கு அனுமதிச் சீட்டு முறை இருந்தது. நம் மாநில மீன்வளத்துறையும் நேற்று வந்தது அல்ல, 1907இலேயே தொடங்கியது. கடலில் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகக் கூடாது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கடலுக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரிந்த அரசு, தருமபுரி மாவட்டத்தில் ஓர் ஆற்றங்கரையில் உட்காரும் கிழவனுக்கும் பையனுக்கும் ஏன் சொல்லவில்லை?

ஒகேனக்கல் பக்கம் போனால் குழப்பம் இன்னும் அதிகம். அந்தக் காட்டில் ஒரு பகுதி 2014இல் காவிரி வடக்கு வனஉயிரினச் சரணாலயம் ஆகிவிட்டது. காவிரிப் படுகையில் மட்டுமே காணப்படும், திமில் வைத்த மஷீர் மீன் அழிவின் விளிம்பில் இருப்பதாக 2018இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் பட்டியலில் சேர்த்தது. அந்த மீனைத் தொடக் கூடாது என்றால் தலை வணங்கி ஏற்றுக்கொள்கிறேன். எது அந்த மீன், எதுவரை சரணாலயம் என்று தெரியாமல் போகிறவனுக்கு அதைச் சொல்லுவதற்கும் ஒரு சீட்டுதான் நல்ல வழி.

அமெரிக்காவில் டெக்சாஸில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் அங்கே ஏரியில் தூண்டில் போடுவான். கடையில் சாமான் வாங்கும் கவுன்ட்டரிலேயே உரிமம் கொடுக்கிறார்களாம். கூடவே விதியும் சொல்லிவிடுகிறார்கள். பாஸ் என்ற மீன் 14 அங்குலத்துக்குக் குறைந்தால் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும், ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் எடுக்கக் கூடாது. 17 வயது ஆகாத பிள்ளைகளுக்கு உரிமமே தேவையில்லை. தூண்டில் சாமான்கள் மீது போடும் வரியை மாநிலங்களுக்குப் பங்கிட்டு மீன் வளர்ப்பதற்கே திருப்பித் தரும் சட்டம் அந்த நாட்டில் 1950இலேயே வந்துவிட்டது. ஒரு மாநிலத்தில் எத்தனை பேர் உரிமம் வாங்கியிருக்கிறார்கள் என்பதும் அந்தப் பங்குக்கு ஒரு கணக்கு. தூண்டில்காரனை அங்கே மீனுக்குக் காவல்காரனாக எண்ணுகிறார்கள்.

இங்கே தூண்டில் போடும் நாங்கள் இலவசம் கேட்கவில்லை. வருமானச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் இ-சேவை மையத்தில் கிடைக்கும்போது, ஒரு நாள் தூண்டில் சீட்டும் அங்கேயே கிடைக்க வேண்டும். எந்தெந்த நீர்நிலையில் போடலாம், எங்கே கூடாது என்று அதிலேயே அச்சடித்துவிடட்டும். புது வெள்ளத்தில் சினை மீன் எதிரேறி வரும் நாட்களில் சீட்டே கொடுக்க வேண்டாம். அந்த நாட்களில் மதகிலும் கோடியிலும் கூடை வைத்து வாருவதையும் சேர்த்தே தடுக்க வேண்டும். குத்தகை ஏரி என்றால் கட்டணத்தில் ஒரு பங்கு குத்தகைதாரருக்குப் போகட்டும், அவருக்கும் நஷ்டம் இல்லை. கரையில் வெடிச் சத்தம் கேட்டால் எந்த எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும் என்பதை அந்தச் சீட்டின் பின்புறம் போட்டால், கையில் தூண்டிலோடு இருக்கும் ஒவ்வொருவரும் போன் செய்வோம். பகல் முழுக்கத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நாங்கள்தானே.

சம்பந்தப்பட்ட துறையினர் பார்வைக்குப் போக வேண்டும் என்பதற்காகவே தங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன். முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பேரன் மறுபடி வருகிறான். போன வாரம் போனில், "தாத்தா, தக்கை பத்திரமா இருக்கு, இருமத்தூர் போலாமா?" என்று கேட்டான். இந்தத் தடவை சீட்டு வாங்கிக்கொண்டுதான் போவோம் என்று சொல்லியிருக்கிறேன். எந்த அலுவலகத்தில், எந்த ஜன்னலில் அந்தச் சீட்டு கிடைக்கும் என்பதை யாராவது அதற்குள் அறிவித்தால், முதல் ஆளாகப் பணத்தோடு வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மொரப்பூர், தருமபுரி மாவட்டம்.