மறுதலிக்க வைத்தது யார்?

எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் வாலிபர் ஐக்கியங்களில் இப்போது ஒரு மும்முரம். விசுவாசத்தை விளக்கவும் காத்துப் பேசவும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். பரிணாமக் கொள்கைக்கு என்ன பதில், திரித்துவத்தை எப்படி விளக்குவது, கல்லறை காலியாக இருந்ததற்கு என்ன ஆதாரம். சரக்கு பெரும்பாலும் அமெரிக்கச் சரக்கு. கம்பெனி கேட்டில் காண்ட்ராக்ட் வேலைக்கு நிற்கிற நம்ம பையனிடம் டார்வினைப் பற்றி எவன் வந்து கேட்கிறான்?

அவனிடம் கேட்பது வேறு. "இன்னாபா, பால்பவுடருக்கு மாறின ஆளுங்கதான நீங்க?" என்று மேஸ்திரி கேட்கிறான். "எஸ்.சி.யா, பி.சி.யா, கரெக்டா சொல்லு" என்று சான்றிதழ் கொடுக்கிற இடத்தில் கேட்கிறார்கள். "சாதி ஒழியாத மதத்துல இன்னும் எதுக்கு தோழர் இருக்கீங்க?" என்று நம் இயக்கத் தோழரே கேட்கிறார். இந்த மூன்றுக்கும் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

பயிற்சிக்கு ஆதாரமாகக் காட்டுவது பேதுரு எழுதியதாகச் சொல்லப்படும் முதல் கடிதம். உன் நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவனுக்குப் பதில் சொல்லத் தயாராய் இரு என்கிறது அது. அங்கே பதில் என்பதற்கு இருக்கிற கிரேக்கச் சொல் 'அப்போலொகியா'. கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவன் தன் தரப்பைச் சொல்வதற்கான சொல். (அதே கடிதம் அடிமைகளைக் கொடுமைக்கார எசமானுக்கும் அடங்கிப் போகச் சொல்கிறது. அந்த இடத்தை நான் ஏற்கவில்லை.) பேதுருவைக் கத்தோலிக்கத் தமிழில் இராயப்பர் என்பார்கள். இராயபுரம் என்ற பேரே அவரால் வந்ததாகச் சொல்வார்கள். பதில் சொல்லத் தயாராய் இரு என்ற இந்த இராயப்பர்தான், கேட்டபோது இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தவர்.

நம் பிள்ளைகளும் மறுதலிக்கிறார்கள். வகுப்பில் இருப்பவர்களில் பலருக்கு இரண்டு பேர். ஞானஸ்நானத்தில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று. வீட்டுச் சுவரில் இயேசு, காகிதத்தில் இந்து. ஞாயிற்றுக்கிழமை 'தைரியமாகச் சாட்சி சொல்' என்கிறார்கள். திங்கட்கிழமை சான்றிதழுக்குப் போனால் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதற்காக அந்தப் பிள்ளைகளைக் குற்றவாளியாக்கும் பிரசங்கங்களைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. மறுதலிக்க வைத்தது யார் என்று அந்தப் பிரசங்கிகள் ஒருநாளாவது கேட்டார்களா?

1950 ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில் இல்லை என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் நமக்குப் பி.சி. பட்டியலில் ஓர் இடம், அவ்வளவுதான். தனித்தொகுதியில் நிற்க முடியாது. ஆந்திரத்தில் ஒரு போதகர், தன்னைச் சாதி சொல்லித் திட்டி அடித்தார்கள் என்று கொடுத்த வழக்கு என்ன ஆனது? அவர் கிறித்தவர், வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது என்று 2025இல் அந்த மாநில உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடித்தவனுக்கு அவர் சாதி தெரிந்திருக்கிறது. சட்டத்துக்குத்தான் தெரியவில்லை.

சூசை வழக்கை ஒவ்வொரு வாலிபர் ஐக்கியத்திலும் பாடமாக வைக்க வேண்டும். சூசை நம் சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்தவர். ஆதிதிராவிடர், கிறித்தவர். செருப்புத் தைக்கும் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகப் பங்க் கொடுத்தது. கிறித்தவர் என்பதால் அவருக்கு இல்லை. அதே ரோடு, அதே ஊசி, அதே தோல். பக்கத்தில் உட்கார்ந்தவருக்குக் கிடைத்தது. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985 செப்டம்பர் 30இல் வந்த தீர்ப்பு அவருக்கு எதிரானது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று சொன்னால் போதாது, புதிய மதத்துக்குள்ளும் அந்தக் கொடுமை அதே கடுமையோடு இருக்கிறது என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். அப்படி ஆதாரம் முன்னால் வைக்கப்படவில்லை என்றது.

அந்த ஆதாரம் யார் கையில் இருந்தது? சபையின் கையில். கல்லறைப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு, கமிட்டி மினிட்ஸ் எல்லாம் அதன் பீரோவில்தான் இருக்கின்றன. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். அதை ஏற்காமல் இங்கே வேப்பேரியிலேயே சாதிக் கிறித்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களைப் பிரிக்கச் சுவர் வைத்தார்கள். 2008 மார்ச்சில் எறையூரில், தனிப்பங்கு கேட்ட தலித் கிறித்தவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் செத்தார்கள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு, 'கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை' என்று பிரசங்கம் செய்கிற ஒவ்வொரு ஞாயிறும் சபை சூசைக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. ஆகவே நான் சொல்வது இது: நம் விசுவாசத்தைக் காத்துப் பேச வேண்டுமானால், முதலில் நம் சபைக்கு எதிராக உண்மை பேச வேண்டும்.

பால்பவுடர்க் கேள்விக்கு எனக்கு வெட்கமே இல்லை. எண்ணூரும் திருவொற்றியூரும் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த காலம் அது. அந்த மாவட்டத்துப் பறையர் நிலைமையை ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் எழுதினார்கள். கலெக்டர் திரமென்கீர் அறிக்கை கொடுத்தார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பட்டினி போட்டவன் சோறு போட்டவனைக் கேலி செய்கிறான். போய்யா!

தோழர் கேட்டதுதான் கனமான கேள்வி. அம்பேத்கர் 1956இல் பௌத்தம் போனார்; மாறிய கிறித்தவரின் நிலைமை பற்றி அவர் எழுதியது இன்றும் நம்மைச் சுடுகிறது. அயோத்திதாசரும் கிறித்தவத்துக்குள் இருந்த சாதியை விடவில்லை. மறுக்க எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஊர் வாசலுக்கு வெளியே கொண்டுபோய்க் கொல்லப்பட்டவரைத்தான் நான் கும்பிடுகிறேன். ஊருக்கு வெளியே என்றால் என்ன என்று சேரிக்காரனுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். கீழ்ப்பாக்கம் குருகுலத்தில் இருந்த அரவிந்த் நிர்மல் இயேசுவையே தலித் என்றார். அவரைச் சாதிக் கிறித்தவனிடம் விட்டுவிட்டு நான் எதற்கு வெளியே போக வேண்டும்?

2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறித்தவருக்காகத் தீர்மானம் போட்டது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது. எங்கள் சேரியில் சாதி பார்த்துத்தான் புதைக்கிறோம், சாதி பார்த்துத்தான் பெண் எடுக்கிறோம் என்று பதிவேட்டை நகலெடுத்துக் கொடுக்க எந்தப் பாஸ்டரேட் முன்வந்தது?

அடுத்த வகுப்புக்கு எங்கள் சபையின் கல்லறைப் பதிவேட்டைக் கேட்டிருக்கிறோம். பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லையாம். பிள்ளைகள் வாரா வாரம் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.