இங்கிலீஷ் அகராதியில் நம் ஜாதி

இங்கிலீஷ் பாஷை வளர்ந்த சங்கதி என்ன? புது வார்த்தை சேர்க்க அதற்குச் சாஸ்திரமுமில்லை, தீட்டுமில்லை. வேண்டியதை எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளும், நீளமாயிருந்தால் வெட்டிக்கொள்ளும். ‘ஆம்னிபஸ்’ தலை போய் ‘பஸ்’ ஆனது அப்படித்தான். நம்மிடமிருந்தும் கட்டுமரத்தைக் ‘கட்டமரான்’ என்றும், சுருட்டைச் ‘செரூட்’ என்றும், மிளகுத் தண்ணீரை ‘முல்லிகடானி’ என்றும் எடுத்துக்கொண்டது. பண்டிதர்கள் இதைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். படட்டும்.

ஆனால் அதே கப்பலில் ஏறிய இன்னொரு வார்த்தையைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை? ‘பறையர்’ என்ற பெயரும் அங்கே போய் ‘பரையா’ ஆயிற்று. அகராதியில் அதற்கு அர்த்தம், எல்லோராலும் ஒதுக்கித் தள்ளப்பட்டவன் என்பதாகும். பறை என்பது ஒரு வாத்தியம். அதில் இழிவு எங்கே இருக்கிறது? வெள்ளைக்காரன் இந்த அர்த்தத்தைச் சொந்தமாகக் கற்பித்தானா? இங்கே கண்ணால் கண்டதையல்லவா எழுதிக்கொண்டான்!

1950ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17வது பிரிவு, தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்றது. அதற்கப்புறமும் நமது கொங்கு நாட்டுத் தேநீர்க் கடைகளில் ஒரு ஜாதிக்கு ஒரு கிளாஸ், மற்றொரு ஜாதிக்கு வேறு குவளை என்று வைத்திருந்த யோக்கியதையை நாடறியும்.

தோழர்களே! அகராதியைத் திருத்தச் சொல்லிச் சீமைக்கு மனுப்போட்டுப் பயனில்லை. ஊர் வேறு, சேரி வேறு என்று இருக்கும்வரை அந்த அர்த்தம் சாகாது. கிளாசை ஒன்றாக்குங்கள், ஊரையும் சேரியையும் ஒன்றாக்குங்கள். அர்த்தம் தானே செத்துப்போகும்.