கடைசி விசில் ஊதும்வரை உட்காருங்கள்

பிள்ளையை ஃபுட்பால் கோச்சிங்கில் சேர்த்திருக்கிறீர்கள். மாதக் கட்டணம் தவறாமல் போகிறது. ஸ்டட் வைத்த ஷூ, முழங்காலுக்குக் கீழே கட்டும் கார்டு, முதுகில் மெஸ்ஸி பெயர் போட்ட ஜெர்சி எல்லாம் வாங்கியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் எழுப்பி, தூக்கம் கலையாத முகத்தோடு மைதானத்தில் இறக்கிவிட்டு, கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு "பாஸ் பண்ணாதடா, நீயே அடி" என்று தொண்டை கிழியக் கத்துகிறீர்கள். இவ்வளவு செய்கிற நீங்கள், அந்தப் பிள்ளையோடு ஒரு நாளாவது பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்குப் போய், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு முழு ஆட்டத்தைப் பார்த்ததுண்டா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். கேட்கவேண்டிய கேள்வியைத்தான் கேட்கிறேன். எட்டு வயதுப் பையன் கோல் அடிக்கவில்லை என்றால், வீடு வந்து சேரும்வரை காரில் யாரும் பேசுவதில்லை. அதே பையன், "அப்பா, சனிக்கிழமை சென்னையின் மேட்ச்சுப்பா, போலாமா?" என்று கேட்டால், "திங்கட்கிழமை டெஸ்ட் இருக்கே" என்கிறீர்கள். விளையாட்டை அவனுக்கு ஒரு வேலையாக ஒப்படைக்க உங்களுக்குத் தெரிகிறது. அதை அவனோடு உட்கார்ந்து ரசிக்க மட்டும் நேரம் கிடைப்பதில்லை.

இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) 2014-இல் தொடங்கியபோதே சென்னையின் எஃப்.சி. அணியும் வந்துவிட்டது. இரண்டு முறை கோப்பை வென்ற அணி அது. இரண்டாவது கோப்பையை 2018 மார்ச்சில் பெங்களூரு கண்டீரவா மைதானத்திலேயே, பெங்களூரு அணியை 3–2 என்று வீழ்த்தி எடுத்துவந்தார்கள். அந்த அணியின் நடுக்களத்தில் ஆடிய தனபால் கணேஷ் வியாசர்பாடிக்காரர். நேரு ஸ்டேடியத்திலிருந்து வியாசர்பாடி எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். மான்செஸ்டர் சிட்டியின் மாற்று ஆட்டக்காரர்கள்வரை ஒப்பிக்கிற பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரியவில்லை. குமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறை என்ற மீனவ கிராமத்திலிருந்து மைக்கேல் சூசைராஜ் என்றொருவர் ஐ.எஸ்.எல். ஆடினார் என்பதும் தெரியவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். காட்டியிருந்தால்தானே தெரியும்?

"டி.வி.யில் இன்னும் தெளிவாகத் தெரியுமே, எதுக்கு அவ்வளவு தூரம்?" என்பது நான் அதிகம் கேட்கும் சாக்கு. டி.வி.யில் தெளிவாகத் தெரிவது பந்து. கேமரா அதன் பின்னாலேயே ஓடுகிறது. ஓர் அணியில் பதினொரு பேர் இருக்கிறார்கள்; ஒரு சமயத்தில் பந்து ஒருவர் காலில்தான் இருக்கும். மற்ற பத்துப் பேரும் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது. பந்து இடது ஓரத்துக்குப் போனதும் வலது ஓரத் தடுப்பாட்டக்காரர் உள்ளே நகர்ந்து வருவார். பின்வரிசை நாலு பேரும் ஒரே கோடாக முன்னேறி, எதிரணி ஸ்ட்ரைக்கரை ஆஃப்சைடில் மாட்டவைப்பார்கள். பந்து அந்தக் கோடியில் இருக்கும்போதும் இந்தக் கோடியில் நிற்கும் கோல்கீப்பர் கையை நீட்டி நீட்டிக் கத்திக்கொண்டே இருப்பார். கோச்சிங்கில் "பந்தில்லாதபோதும் ஓடு" என்று ஆயிரம் தடவை சொல்லியும் விளங்காதது, ஸ்டேடியத்தில் அரைமணி நேரத்தில் பிள்ளைக்கு விளங்கிவிடும். நேரு ஸ்டேடியத்தில் ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப் பாதை இருக்கிறது. அதனால் கீழ்வரிசையில் உட்கார்ந்தாலும் ஆட்டக்காரர்கள் சற்றுத் தள்ளித்தான் இருப்பார்கள். மேலே ஏறி உட்காருங்கள். இரண்டு அணிகளும் விரிவதும் சுருங்குவதும் மொத்தமாகத் தெரியும்.

கொஞ்சம் முன்னதாகவே போங்கள். ஆட்டம் தொடங்குவதற்கு வெகுமுன்பே ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கு வந்துவிடுவார்கள். கோல்கீப்பருக்குப் பயிற்சியாளர் பந்தை உதைத்து உதைத்துத் தருவதையும், டி.வி.யில் பார்த்த ஆள் நிஜத்தில் எவ்வளவு உயரம் என்பதையும் பிள்ளை வாய்பிளந்து பார்க்கும். அந்த நேரத்தில் நீங்கள் பார்க்கிங் தேடிச் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது. சென்ட்ரலிலிருந்து நடந்துவிடலாம், மெட்ரோவில் வந்தாலும் அங்கேயே இறங்கலாம். காரைத்தான் எடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்துவிட்டு, அந்த எரிச்சலைப் பிள்ளைமேல் காட்டாதீர்கள்.

இப்போது என்னை மிகவும் வருத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். அரிதாக வருகிற சில பெற்றோர், எண்பதாவது நிமிடம் ஆனதும் எழுந்துவிடுகிறார்கள். "வா வா, அப்புறம் வண்டி எடுக்க முடியாது." பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே படியிறங்குகிறது. சில சமயம் வெளி வாசலை எட்டும்போது உள்ளே ஒரு பெருங்கூச்சல் எழும். என்ன நடந்தது என்று கேட்கிற பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2015 டிசம்பர் நினைவிருக்கிறதா? சென்னை வெள்ளத்தில் மூழ்கிய மாதம். இங்கே நடக்கவேண்டிய அரையிறுதி ஆட்டத்தைப் புனேவுக்கு மாற்றினார்கள். சொந்த ஊர் ரசிகர்கள் இல்லாத மைதானத்தில், முந்தைய ஆண்டுச் சாம்பியனான கொல்கத்தாவை 3–0 என்று வென்றது நம் அணி. டிசம்பர் 20 அன்று கோவாவில், கோவா அணியோடு இறுதி ஆட்டம். 87-ஆவது நிமிடத்தில் கோவா 2–1 என்று முந்திவிட்டது. அவ்வளவுதான் என்று எழுந்து போயிருக்கக்கூடிய நேரம் அது. 90-ஆவது நிமிடத்தில் பந்து கோவா கோல்கீப்பர்மேலேயே பட்டு உள்ளே போனது, ஆட்டம் சமன். அதற்குப் பின், 90 நிமிடத்தோடு நடுவர் சேர்த்துத் தருகிற நேரத்தின் இரண்டாவது நிமிடத்தில் கொலம்பியாக்காரர் மெண்டோசா அடித்த கோலில் சென்னைக்குக் கோப்பை. வீடு இழந்து, பீரோவும் புத்தகமும் சேறாகி உட்கார்ந்திருந்த ஊருக்கு அந்த ஐந்து நிமிடம் எவ்வளவு பெரிய ஆறுதல்! பார்க்கிங்குக்காக எண்பதாவது நிமிடத்தில் எழுகிற பெற்றோரே, உங்கள் பிள்ளைக்கு வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொள்ள இருக்கிற ஒன்றைப் பறிக்கிறீர்கள். தோற்றாலும் இருங்கள். தோற்ற ஆட்டக்காரர்கள் வந்து கைதட்டிக் கும்பிடுவதையும் ரசிகர்கள் பதிலுக்குக் கைதட்டுவதையும் பிள்ளை பார்க்கட்டும். அதை எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கமுடியாது.

பாடம் என்றதும் இன்னொன்று. "பாத்தியா, அவன் எவ்வளவு ஓடுறான், நீ ரெண்டு ரவுண்டுக்கே மூச்சு வாங்குற" என்று ஸ்டாண்டில் உட்கார்ந்தும் பிரசங்கம் தொடங்கிவிடுகிறது. தயவுசெய்து அந்த ஒன்றரை மணி நேரமாவது ஒப்பிடாதீர்கள். கோச்சிங் போகிற பிள்ளைகளில் தொழில்முறை ஆட்டக்காரராக வருபவர்கள் மிக மிகச் சிலர். ரசிகராக இருப்பது எல்லோருக்கும் கிடைக்கும், அறுபது வயதிலும் கிடைக்கும். அந்த இன்பத்தின் கதவைத் திறந்துவிடுகிற வேளையில் நீங்களே குறுக்கே நிற்கிறீர்கள். உங்களுக்கு ஆஃப்சைடு விளங்காவிட்டால் பிள்ளையிடம் கேளுங்கள். பத்து வயதுக் குழந்தை தன் அப்பாவுக்கு, அம்மாவுக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுக்கும்போது அதன் முகத்தைப் பாருங்கள். வீட்டில், பள்ளியில், டியூஷனில் எங்கேயும் அதுதான் கேட்டுக்கொள்கிற ஆள். இங்கே ஒரு மாலை நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

கத்துவதற்கும் அனுமதி கொடுங்கள். "சத்தம் போடாதே" என்ற சொல்லோடுதான் அடுக்குமாடிக் குடியிருப்பில் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர்களோடு சேர்ந்து, பெற்றவர்கள் பக்கத்தில் இருக்க, வாய்விட்டுக் கத்துவது அவர்களுக்குப் பெரிய விடுதலை. ஆனால் நடுவரைத் தாயைச் சொல்லித் திட்டுகிற அப்பாக்கள் இருக்கிறார்கள். எதிரணி ரசிகர்களை ஊர்பேர் சொல்லி இழிவாகப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்டத்துக்கு அந்த அணியின் ரசிகர்கள் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள். நம் பிள்ளைகள் அவர்களிடம் போய்ப் பேசட்டும், கேலி செய்யட்டும், கேலியை வாங்கிக்கொள்ளட்டும். வசவு வேண்டாம். உங்கள் வாயிலிருந்து வருவதுதான் நாளை பள்ளி மைதானத்தில் அவர்கள் வாயிலிருந்து வரும்.

மகள்களைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. அப்பாவும் மகனும் மேட்ச்சுக்குப் போக, அம்மாவும் மகளும் வீட்டில் இருக்கிற ஏற்பாடு பல குடும்பங்களில் யாரும் கேள்வி கேட்காமலே நடக்கிறது. "அவளுக்கு இதெல்லாம் பிடிக்காது" என்கிறீர்கள். கேட்டீர்களா? தமிழ்நாட்டு மகளிர் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன். மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் காவல்துறையில் வேலைபார்த்துக்கொண்டே இந்திய அணிக்கு ஆடினார். இந்த மாநிலத்துப் பெண்களுக்குப் பிடிக்கத்தான் செய்கிறது. வீட்டிலிருந்து அழைத்துப்போக ஆள் இல்லை. கூட்டம், கழிப்பறை, திரும்பி வருகிற நேரம் என்று அம்மாக்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. அதற்காக ஒதுங்கியே இருந்தால், ஸ்டேடியம் என்றைக்கும் ஆண்களின் இடமாகவே இருக்கும். குடும்பங்கள் நிறைய வந்து, வசதி சரியில்லை என்று நிர்வாகத்திடம் சத்தமாகக் கேட்கும்போதுதான் மாறும். கேளுங்கள், எழுதிக் கொடுங்கள்.

பிள்ளையோடு போயும் அதனோடு சேர்ந்து பார்க்காத நோய் ஸ்டேடியத்தோடு நிற்பதில்லை. வண்டலூர் பூங்காவில் யானையைப் பார்க்கிற பிள்ளையை இழுத்து, கேமராப் பக்கம் திருப்பி நிறுத்துகிறோம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் வெண்கலச் சிலைகளைக் காலெடுத்து வைத்ததும் கடந்துவிடுகிறோம். கோட்டூர்புரம் கோளரங்கத்தின் இருட்டில் வாட்ஸாப் வெளிச்சம் தெரிகிறது. மாலில் மணிக்கணக்காகச் சுற்றுவதற்குப் பெயர் அவுட்டிங். அங்கே பிள்ளை ஒரு திரையில், நீங்கள் ஒரு திரையில். மேட்ச்சிலும் இதேதான்: கோல் விழுகிறபோது பாதிப் பேர் அதைத் தங்கள் போன் வழியாகப் பார்க்கிறார்கள். பிள்ளை கட்டிக்கொள்ளத் திரும்பினால் அப்பாவின் இரண்டு கையும் போனில் இருக்கிறது. ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. பிறகு அதைப் பையில் போட்டுவிடுங்கள்.

பணத்தைக் காரணம் காட்டுகிறவர்களுக்கு ஒரே பதில்தான். நாலு பேர் மல்டிபிளெக்ஸ் போய் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு வருகிற செலவில், சாதாரண ஸ்டாண்டில் நாலு டிக்கெட் எடுத்து, திரும்பும் வழியில் இட்லி தோசையும் சாப்பிட்டுவிடலாம்.

அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் கோவையை நினைத்துக்கொள்ளுங்கள். 2019 மார்ச்சில் கோவை நேரு ஸ்டேடியத்தில், சொந்த ரசிகர்கள் முன்னால், சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் பட்டத்தை வென்றது. தமிழ்நாட்டு அணி ஒன்று தேசிய லீக் பட்டத்தை வென்ற அந்த நாளில், வாசலில் இருந்த அந்த மைதானத்துக்குப் போகாதவர்கள் எத்தனையோ பேர். இன்று போகலாமென்றால் அந்த அணி ஐ-லீக்கில் இல்லை. அணிகள் வரும், போகும். கூடவே வர ஆசைப்படுகிற வயதும் பிள்ளைகளுக்குச் சில வருடம்தான். பதினைந்து வயதில் அவர்கள் நண்பர்களோடு போய்விடுவார்கள்.

ஆகவே அட்டவணை வெளிவந்ததும் ஒரு சனி, ஞாயிறு ஹோம் மேட்ச்சைப் பார்த்துக் குறித்துவையுங்கள். திங்கட்கிழமை டெஸ்ட் இருந்தால் வெள்ளிக்கிழமையே படிக்க வையுங்கள். பிள்ளைகள் மேட்ச்சுக்காகப் படிப்பார்கள். மாலை ஏழரை ஆட்டம் ஒன்பதரை மணிவாக்கில் முடிந்துவிடும், மெட்ரோ அதற்குப் பிறகும் ஓடுகிறது. வாசலில் சோதனை இருக்கும், தண்ணீர் பாட்டிலை உள்ளே விடமாட்டார்கள், பெரிய பையைத் தவிர்த்துவிடுங்கள். சின்னப் பிள்ளைக்கு டிரம் சத்தம் அதிகமாகத் தோன்றினால், டிரம் அடிக்கிற ஸ்டாண்டிலிருந்து தள்ளி இடம் பாருங்கள். நீல நிறச் சட்டை வீட்டில் ஏதாவது இருந்தால் போதும், புது ஜெர்சி வாங்கித்தான் ஆகவேண்டும் என்றில்லை. பாட்டி வருகிறேன் என்றால் அவரையும் அழைத்துக்கொள்ளுங்கள். படி ஏற முடியுமா என்பதை மட்டும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள். திரும்பி வரும்போது ரயிலில் பிள்ளை பேசும்: அந்தக் கார்னர், அந்த மஞ்சள் கார்டு, அந்த கோல்கீப்பர் பாய்ந்தது. வீடு வரும்வரை பேசட்டும். டெஸ்ட்டைப் பற்றி நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம்.