பச்சையாக இருக்கிறது, தொடாதீர்கள்!

சமீபத்தில் என் காருக்குத் தோல் உரிந்தது.

நிஜமாகத்தான். 2007 மாடல் மாருதி 800, சில்வர் கலர், செகண்ட் ஹாண்ட். கூரையிலும் பானெட்டிலும், வெயிலில் அலைந்தவன் முதுகு மாதிரி வெள்ளை வெள்ளையாகச் சுருண்டு கொண்டிருந்தது. நகத்தால் சீண்டினால் கண்ணாடித்தாள் போல ஒரு துண்டு கையோடு வந்தது. ஆபீஸ் நண்பர் ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாம்பு ஏதும் வளர்க்கிறியாப்பா?" என்றார்.

இது போதாதென்று திருமங்கலத்தில் சித்தப்பா பெண்ணுக்குக் கல்யாணம். திங்கட்கிழமை முகூர்த்தம். நான் கார் வாங்கிய செய்தி சொந்தபந்தம் முழுக்கப் பரவியிருந்தது. (பரப்பியவர் யார் என்று கேட்காதீர்கள். வீட்டில் இந்தப் பத்திரிகை படிப்பார்கள்.)

விரகனூர் ரிங் ரோட்டைத் தாண்டி ஒரு புளியமரம். அதன் கீழ் ஒரு தகர ஷெட், சுற்றிலும் பச்சை வலை. பெயிண்டர் அண்ணன் கூரையைத் தடவிப் பார்த்தார்.

"தம்பி, உரிஞ்சது கலர் இல்லை. கலர் மேல போட்டிருந்த சட்டை."

"அந்த இடத்துல மட்டும் ஒட்டுப் போட முடியாதாண்ணே?"

"போடலாம். ஆறு மாசத்துல ஓரம் தூக்கும். திரும்ப வருவீங்க. எனக்கு லாபம்தான்."

சட்டை என்று அவர் சொன்னது கிளியர் கோட். இன்றைய கார்களில் நிறம் வேறு, பளபளப்பு வேறு. அடியில் இருப்பது பேஸ் கோட். நிறமும், மெட்டாலிக் என்றால் அலுமினியச் செதில்களும் அதில்தான். அதற்கு மேலே நிறமே இல்லாத கிளியர், சுமார் 50 மைக்ரான். தலைமுடியின் தடிமன்கூட வராது. வெயிலின் புற ஊதாக் கதிரை வாங்கிக்கொள்கிற சரக்கு இந்தக் கிளியரில் கலந்திருக்கிறது. மதுரை வெயில் வருஷக்கணக்காக அதைத் தின்று தீர்த்த பிறகு கிளியருக்குப் பிடிப்பு விட்டுப் போகிறது. வானத்தைப் பார்த்துக் கிடக்கிற கூரையும் பானெட்டும் முதலில் உரிவது அதனால்தான்.

நான் பி.காம். எனக்கு இது டெபாசிட் கணக்காகத்தான் புரிந்தது. ரப்பிங், பாலிஷ் என்று அழுத்தித் தேய்க்கும்போதெல்லாம் ஓரிரண்டு மைக்ரான் போகிறது. பார்க்க ஜொலிக்கும், முதல் கரையும். வருஷம் தவறாமல் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தேய்க்கிறவர்கள் பாஸ்புக்கைப் பார்த்துக்கொள்வது நல்லது.

நம் ஊர் வொர்க்‌ஷாப்களில் பழைய ஆட்கள் இன்னும் 'டூகோ' என்பார்கள். அது ஒரு பிராண்டின் பெயர். 1923-ல் அமெரிக்க டூபாண்ட் கம்பெனி, ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்காகக் கொண்டு வந்த நைட்ரோ செல்லுலோஸ் பெயிண்ட். அதற்கு முன்னால் காருக்கு நிறம் பூசிக் காய வைக்க வாரக்கணக்கில் ஆகும். அம்பாஸடர் காலத்தில் டூகோவில் நிறமும் பளபளப்பும் ஒன்றாகவே வந்தன. தேய்த்தால் துணியில் கலர் ஒட்டும். பழைய கார் வாங்கப் போகிற தம்பிகள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். மெட்டாலிக் என்று சொல்லி விற்கிற வண்டியில், கதவின் உள்விளிம்பில் துளி பாலிஷ் வைத்து வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் கலர் வந்தால் அங்கே கிளியர் இல்லை. விலையை அங்கிருந்து பேச ஆரம்பிக்கலாம்.

சனிக்கிழமை காலை. தரையில் தண்ணீர் தெளித்து, கார் முழுக்க வாட்டர் பேப்பர் போட்டு, ப்ரைமர் முடித்து, பேஸ் அடித்தார். கன்னுக்கும் காருக்கும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மி. ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூடியபடி போனது. காய்ந்ததும் பார்த்தேன். வயிறு கலங்கியது. திருநீறு பூசின மாதிரி மங்கலாக ஒரு கார்.

"என்னண்ணே இது?"

"பேஸ் இப்படித்தான் செத்துக் கிடக்கும். கிளியர் பட்டாத்தான் உசுரு வரும்."

"அப்ப உடனே அடிச்சிருங்க. திங்கக்கிழமை கல்யாணம்."

அவர் அடிக்கவில்லை. பேஸ் ஈரமாக இருக்கும்போது கிளியர் விழுந்தால் அலுமினியச் செதில்கள் நகர்ந்து திட்டுத் திட்டாகிவிடும். அது பரவாயில்லை என்றாலும், உள்ளே மாட்டிக்கொண்ட தின்னர் சும்மா இருக்காது. கிளியர் மேலே பாலாடை மாதிரி மூடிக்கொள்ளும். தின்னர் அதைக் குத்திக்கொண்டு வெளியே வரும். ஊசி முனை ஊசி முனையாகப் பொத்தல். நம் ஊர் வெயிலில் இந்த ஆடை சீக்கிரம் பிடிக்கும், அதனால் நிதானமாகக் காய்கிற தின்னரைத்தான் கலக்கிறார்கள். பேஸ் காய்வதற்குள் பதினோரு மணி ஆகிவிட்டது. புளியமரம் அசைந்தது. அண்ணன் காற்றைப் பார்த்தார், ரோட்டுப் புழுதியைப் பார்த்தார், கன்னைக் கழுவப் போய்விட்டார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, தூசி ஒட்டி எடுக்கிற பிசுபிசுத் துணியால் காரைத் துடைத்துவிட்டு, இரண்டு பங்கு கிளியருக்கு ஒரு பங்கு ஹார்டனர் கலந்தார். முதல் கோட் லேசாக. கால் மணி நேரம் பீடி. (ஷெட்டுக்கு ரொம்ப தூரத்தில்.) இரண்டாவது கோட் நிறைவாக. கதவில் என் முகம் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் நான் அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

சரியாக அப்போது ஒரு கொசு பானெட்டில் வந்து உட்கார்ந்து, அங்கேயே நிரந்தரமாகிவிட்டது. நான் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க! பச்சையா இருக்கு. காஞ்சதும் இரண்டாயிரம் நம்பர் பேப்பர்ல எடுத்துக்கலாம். செவ்வாக்கிழமை வாங்க."

திங்கட்கிழமை பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து நின்றுகொண்டே திருமங்கலம் போனோம். பந்தியில் சித்தப்பா, "கார் வாங்கினியாமே, எங்க?" என்றார். "காயுது" என்றேன். அப்பளத்தைக் கேட்டதுபோல் தலையாட்டிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை பில் கொடுத்தார். பெயிண்ட், கிளியர், ஹார்டனர், தின்னர், கூலி. கணக்குப் படித்தவன் கண் தானாக விடுபட்டதைத்தான் தேடும். மாஸ்க் என்று ஒரு வரி இல்லை.

ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். 1984-ல் போபாலில் கசிந்ததும் அந்தக் குடும்பத்துப் பெயர்தான். அது வேறு, இது வேறு; ஆனால் மூச்சுக்குழாய்க்கு இதுவும் ஆகாது. பெயிண்டர்களுக்குத் தொழிலால் வருகிற ஆஸ்துமாவுக்கு இது பெரிய காரணம். ஒருமுறை உடம்பு முறைத்துக்கொண்டால் அப்புறம் கொஞ்சமே பட்டாலும் இழுக்கும். வாசனை வந்து எச்சரிக்கும் என்று நம்பவும் முடியாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே தருகிற மாஸ்க்தான் சரி என்கிறார்கள். அண்ணன் மூக்கில் கட்டியிருந்தது கட்டம் போட்ட கைக்குட்டை. இரண்டு நாளாக அவர் இருமியதை நான் பீடிக் கணக்கில் எழுதியிருந்தேன்.

"மாஸ்க் போடலாமேண்ணே?"

"ஒருத்தர் வாங்கிக் குடுத்தாரு தம்பி. வெயில்ல மூச்சு முட்டுது. அதுவும் போக, உங்களை மாதிரி அவசரப்படுத்துறவங்க நாலு பேரு வந்தா, அதை மாட்டவா நேரம் இருக்கும்?"

கைக்குட்டை ஜன்னல் கம்பியில் கிடந்தது. சாவியை எடுக்கும்போது கையில் பட்டது. துணி மாதிரி மடங்கவில்லை. அட்டை மாதிரி விறைத்திருந்தது. நடுவில், மூக்கு வருகிற இடத்தில், என் காரைப் போலவே மினுமினுத்தது.